உப்புத் தீர்த்தம்

கேமரன் மலையில், கம்போங் ராஜாவிலிருந்து வரும் சடக்கு வழியாக அந்தத் தேயிலை எஸ்டேட் லயத்துக்கு நல்லது எதுவும் வந்ததில்லை என்பது சிரிலின் உறுதியான கருத்து. மழை அந்தப் பக்கமிருந்துதான் வரும். முட்டைக்கோசு லோரிகள் அந்தப் பக்கமிருந்து வந்துதான் வளைவில் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அவருடைய மாமனாரும் அந்தப் பக்கமிருந்து வந்தவர்தான். அதனால் சனிக்கிழமை மத்தியானம், வீட்டு முன்னால் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தவர், சேறு அப்பிய ஹைலக்ஸ் வண்டி ஒன்று அந்தத் திசையிலிருந்து வந்து நின்றதும் முகத்தைச் சுளித்துக்கொண்டார். இறங்கியது அவர் மகள் ஃபியோனா. சுளித்த முகத்தை அவசரமாக நேராக்க வேண்டியதாயிற்று.

"பாப்பா! கடல்லேர்ந்து நேரா வர்றியா?"

"நேரா எங்கப்பா? கெமாமான்ல கப்பல் எறங்கி, குவா முசாங் சுத்தி வர்றேன். திங்கக்கெழம காலையில ஈப்போ லேப்ல சாமானை ஒப்படைக்கணும். வழியில ஒரு வீடு இருக்கு, சோறு போடுவாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"போடுவாங்க, போடுவாங்க. அதுக்கு முந்தி நீ கறுத்துட்டன்னு உங்கம்மாவோட ஒப்பாரி ஒண்ணு இருக்கு, அதையும் கேட்டுக்கோ."

ஒப்பாரி சொன்னபடியே நடந்தது. அம்மா பிலோமி, எஸ்டேட் டீக்கடையில் சுற்றுலாக்காரர்களுக்கு ஸ்கோன் ரொட்டி சுடுகிறவள். வேலை முடிந்து வந்தால் அவள் மேல் வெண்ணெய் வாசம் வீட்டுச் சுவர்வரை வீசும். அந்த வாசத்தோடு மகளைக் கட்டிக்கொண்டு, தாடையைத் தூக்கிப் பார்த்து, "என்னா லா இப்படி அடுப்புக் கரி மாதிரி வந்துருக்க? கப்பல்ல ஒரு குடை இல்லையா?" என்று கேட்டுவிட்டு, கேள்விக்குப் பதிலை எதிர்பாராமல் சோற்றைப் போட்டாள். நெத்திலி சம்பல், சவ்சவ் கூட்டு, மிளகு ரசம். வெளியே தூறல் பிடித்திருந்தது. தேயிலை மலை மேல் மூடுபனி இறங்கி, எதிர்ச் சரிவில் கொழுந்து வெட்டும் இயந்திரத்தோடு நின்ற வங்காளதேசத்துப் பையன்களை ஒவ்வொருவராக மறைத்துக்கொண்டிருந்தது.

பாதிச் சோற்றில் ஃபியோனாவுக்கு நினைவு வந்தது. அவள் வந்த காடியில் இருந்த சின்ன ஐஸ் பெட்டி, மேடு ஏறும்போது பியூஸ் போய் நின்றுவிட்டது. அதிலிருந்த பாட்டில்களை வீட்டு ஐஸ் பெட்டிக்கு மாற்ற வேண்டும்.

கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய மூன்று பாட்டில்களை அவள் கொண்டுவந்து வைப்பதற்கும், பக்கத்து வீட்டு வெரோனிகா பேச்சுக் குரல் கேட்டு உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது. வெரோனிகா கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் மேற்பார்வை பார்க்கிறவள். லயத்து ஜெபக்கூட்டத்துக்கும் அவள்தான் மேற்பார்வை. இரண்டு இடத்திலும் ஏமாற்ற முடியாது. முந்தின நாள்தான் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவில் திருவிழாவிலிருந்து திரும்பியிருந்தாள்.

"அதுல என்னம்மா, கடலா?"

"கடல்தான் ஆண்டி. அடிக்கடல் தண்ணி."

சிரிலுக்கு இந்தச் சந்தர்ப்பம் போதும். மகள் வேலையை விளக்குவது அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. "பேக்டரிப் புகை இருக்குல்ல வெரோனிகா, அதைப் புடிச்சு, கடலுக்கு அடியில, கேஸ் எடுத்துத் தீந்துபோன பழைய எடத்துல தள்ளி மூடிடுவாங்க. மூடி சரியா இருக்கா, ஒழுகுதான்னு பாக்குறது நம்ம பாப்பா."

"இன்னும் ஒண்ணும் தள்ளலப்பா. எத்தனை வாட்டி சொல்றது? தள்றதுக்கு முந்தி அந்தக் கடல் எப்படி இருந்துச்சுன்னு பாத்து வைக்கிறோம். அப்பத்தான் அப்பறம் மாறுனா தெரியும்."

"கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள்ளைய போட்டோ எடுத்து வைக்கிற மாதிரி" என்றாள் பிலோமி, புருஷன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு. "அப்பறம் தொப்பை போட்டா ஆதாரத்தோட கேக்கலாம்."

"அதேதான்மா" என்று ஃபியோனா சிரித்தாள். பிறகு, தன்னை மறந்து, சம்பல் கையோடு விளக்கத் தொடங்கினாள். "நடுக்கடல்ல ஒரு எடத்துல மைக்கைத் தண்ணிக்குள்ள எறக்கினோம். சோறு கொதிக்கிற மாதிரி சத்தம். கேமரா எறக்கிப் பாத்தா அடிமண்ணுலேர்ந்து குமிழி குமிழியா வருது. யாரும் ஒண்ணும் புதைக்கல ஆண்டி, தானா வருது. காலங்காலமா வந்துக்கிட்டிருக்கும் போல. இதை இப்பவே பதிஞ்சு வைக்கலன்னா, நாளைக்கு இதே குமிழியப் பாத்து ஒழுகுதுன்னு ஊரக் கூட்டுவாங்க. இல்லாட்டி நெசமாவே ஒழுகறப்போ, அது பழைய குமிழிதான்னு மூடி மறைப்பாங்க. ரெண்டுமே வெனைதான?"

"அந்தத் தண்ணியா இது?"

"ஆமா. அந்தக் குமிழியத் தின்னே உயிர் வாழுற பூச்சி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கப்பல்ல வடிகட்டுற பம்ப் கெட்டுப்போச்சு. அதான் தண்ணியாவே கொண்டாந்துட்டேன். சூடு படக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது."

வெரோனிகா சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணுக்குத் தெரியாத எதைக் கேட்டாலும் அவள் கை தானாக நெற்றிக்குப் போய்விடும்.

ஐஸ் பெட்டியில்தான் இடம் இல்லை. மறுநாள் ஃபியோனாவின் அண்ணன் எட்ரியனின் புது வேனை ஃபாதர் வந்து மந்திரிக்கப்போகிறார் என்று, மசாலா தடவிய கோழி மட்டும் இரண்டு தட்டை அடைத்திருந்தது. புது வேன் என்றால் எட்ரியனுக்குப் புதுசு. சுற்றுலாக்காரர்களைத் தேயிலை மலைக்கும் ஸ்ட்ராபெரி தோட்டத்துக்கும் ஏற்றிப்போக வாங்கியது. கதவுத் தட்டில் வெரோனிகா கொண்டுவந்து கொடுத்த அன்னம்மாள் தீர்த்தம் மூன்று பாட்டில், பஸ்ஸில் ஒழுகாமலிருக்க அதுவும் கறுப்புப் பையில் கட்டியது, வரிசையாக நின்றது. எல்லா வருஷமும் தீர்த்தத்துக்கு அந்தக் கதவுத் தட்டுதான். ஃபியோனா தீர்த்தத்தை எடுத்துக் கீழே காய்கறித் தட்டில் படுக்க வைத்தாள். கடலைக் கதவுத் தட்டில் நிறுத்தினாள். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் எட்ரியன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்துவிட்டான், எல்லோரும் வேனைப் பார்க்க ஓடிவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபியோனாவின் வேலை இன்னும் நிரந்தரமில்லை. தற்காலிகமாக எடுத்திருந்தார்கள், அந்தத் தவணை முடியப்போகிறது. வைப்பதும் அனுப்புவதும் அவளுடைய மேலதிகாரி குணாளன் எழுதும் வார்த்தையில் இருந்தது. சிரிலுக்குக் கிறிஸ்துமஸோடு எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு. ஓய்வு என்றால் லயத்து வீட்டை எஸ்டேட் துரையிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ரிங்லெட்டில் ஒரு அடுக்குமாடி வீடு பார்த்து வைத்திருந்தார்கள். பேங்கில் மகள் வேலை நிரந்தரமா என்ற ஒரே கேள்விதான் கேட்டார்கள். கப்பலிலிருந்து சாமானைப் பத்திரமாகக் கொண்டுவந்து ஒப்படைக்கும் பொறுப்பை ஃபியோனாவிடம் கொடுத்ததே இதுதான் முதல் தடவை. இதையெல்லாம் வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் கண்பட்டுவிடும் என்று பிலோமிக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா டவுன் கோவிலில் பூசை முடிந்தது. ஃபாதர் வேறு கோவில்களுக்கும் போக வேண்டியிருந்ததால் சாயங்காலம் வந்து வேனை மந்திரிப்பதாகச் சொன்னார். ஃபியோனா பியூஸ் தேடி பிரிஞ்சாங் கடைக்குப் போனாள். வீட்டுக்காரர்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். வானம் கம்போங் ராஜாப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஃபாதர் வர்றதுக்குள்ள மழை வந்துரும்" என்றாள் வெரோனிகா. "மந்திரிக்காத காடியில மழை பட்டா நல்லதில்ல. பிலோமி, தீர்த்தத்த எடு. நான் ஜெபம் சொல்றேன், ஃபாதர் வந்து மிச்சத்தைப் பாத்துக்கட்டும்."

இப்படி ஒரு சட்டம் எந்த வேதபுத்தகத்திலும் கிடையாது. ஆனால் வெரோனிகா சொன்னால் சொன்னதுதான். பிலோமி ஐஸ் பெட்டியைத் திறந்தாள், கதவுத் தட்டில் நின்ற கறுப்புப் பைகளை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தாள். எல்லா வருஷமும் தீர்த்தம் அங்கேதானே நிற்கும்?

நாலு டயருக்கும் தெளித்தார்கள். ஸ்டியரிங்குக்குத் தெளித்தார்கள். பிரேக்குக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக. பாரிட் சுங்கை இறக்கத்தை எட்ரியன் எப்படி இறங்குவான் என்று அவன் அம்மாவுக்குத் தெரியும். வாசலுக்கும், வீட்டுப் பின்னால் இருந்த சவ்சவ் பந்தலுக்கும், சிரிலின் முட்டிக்கும் தெளித்தார்கள். பிறகு வழக்கப்படி ஆளுக்கொரு மிடறு கொடுத்தார்கள்.

முதலில் எட்ரியன். வாயில் ஊற்றியதும் அவன் கண் இரண்டும் ஆரஞ்சு அளவுக்கு விரிந்தன. துப்பலாமா? தீர்த்தத்தை எப்படித் துப்புவது? முழுங்கிவிட்டு, போன மாதம் வேனுக்குக் கடன் வாங்கியதை அம்மாவிடம் மறைத்ததற்குத்தான் இந்தத் தண்டனை என்று முடிவு கட்டினான். அடுத்து சிரில். பிரஷர் மாத்திரையை மாற்றிய பிறகு நாக்கே சரியில்லை, இனி தண்ணீர்கூடக் கரிக்கிறதே என்று வருத்தப்பட்டார். பிலோமி குடித்தாள். நேற்று சம்பலில் உப்பு கூடிவிட்டதைக் கர்த்தர் கவனித்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

வெரோனிகா கடைசியாகக் குடித்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள்.

"யாருக்காவது ஏதாச்சும் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு" என்றார் சிரில் கவனமாக.

"எனக்கும் ஒரு மாதிரி தெரிஞ்சுச்சு" என்றான் எட்ரியன்.

"தெரியாம இருக்குமா?" என்றாள் பிலோமி.

அவ்வளவுதான். இந்த வருஷம் தீர்த்தத்தில் ஏதோ இருக்கிறது என்று மேல் லயத்துக்குச் செய்தி போய்விட்டது. என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. இரண்டாவது பாட்டிலும் திறக்கப்பட்டது. டம்ளரோடு வந்தவர்களில் குடித்த ஒவ்வொருவரும் ஒரு நொடி திகைத்து, பக்கத்து ஆளைப் பார்த்து, பக்தியோடு தலையசைத்துவிட்டுப் போனார்கள். மாரியம்மன் கோவில் பூசாரி சாம்பசிவம்கூட வந்து கை நீட்டி வாங்கிக் குடித்து, "சக்தி இருக்கு" என்றார்.

மூன்றாவது பாட்டில் கூட்டத்தில் காணாமல்போனது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

ஃபியோனா பியூஸோடு வந்து இறங்கியபோது பார்த்தது, கையில் டம்ளரோடு நின்ற ஒரு லயத்தையே. வாசலில் கிடந்த கறுப்புப் பையையும் பார்த்தாள். அதன் மேல் கப்பலில் அவள் ஒட்டிய நீலப் பட்டை இருந்தது.

உடனே திரும்பி ஹைலக்ஸுக்கு ஓடினாள். பின்னால் இருந்த இரும்புப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

"பாப்பா, என்னம்மா?" சிரில் பதறி வந்தார்.

"அந்தப் பெட்டியில இருக்குற தண்ணியில விஷ மருந்து கலந்துருக்குப்பா. கெட்டுப்போகாம இருக்க கலப்பாங்க. அதைத்தான் குடிச்சிட்டீங்களோன்னு…" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல. பூட்டு அப்படியே இருக்கு. நீங்க குடிச்சது வெறும் கடல் தண்ணி. எத்தனை மொடக்கு குடிச்சீங்க?"

"ஒண்ணுதான். கடல் தண்ணியா?"

"ஒண்ணும் ஆகாது. வயிறு கொஞ்சம் கடமுடான்னா பயப்படாதீங்க."

டம்ளர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் வைக்கப்பட்டன. பூசாரி சாம்பசிவம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஒரு வேலை நினைவு வந்தவர் போல மேல் லயத்துக்கு நடையைக் கட்டினார்.

அழுகை நின்றதும் ஃபியோனாவுக்குக் கோபம் வந்தது. "உப்பு கரிச்சிச்சா இல்லையா?"

எல்லோரும் தரையில் இருந்த டம்ளர்களைப் பார்த்தார்கள்.

"அம்மா, உங்களக் கேக்குறேன்."

"கரிச்சிச்சு."

"அப்பா?"

"கரிச்சிச்சும்மா. மாத்திரைன்னு நெனச்சேன்."

"அண்ணே?"

"வாயே வெந்துருச்சு" என்றான் எட்ரியன்.

"அப்பறம் ஏன் ஒருத்தராச்சும் வாயத் தொறக்கல? மொத ஆள் சொல்லியிருந்தா ரெண்டு பாட்டில் தப்பிச்சிருக்கும்ல! இத்தனை பேரு குடிச்சிருக்கீங்க, இத்தனை பேருக்கும் கரிச்சிருக்கு, ஒருத்தர் கூடவா…"

"தீர்த்தத்தப் போயி யாரும்மா நொட்டை சொல்லுவாங்க?" என்றாள் பிலோமி. அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். "மத்தவங்களுக்கு நல்லா இருக்கு, நமக்குத்தான் பாவத்துல கரிக்குதுன்னு நெனச்சேன்."

"நான் அன்னம்மா கண்ணீருன்னு நெனச்சேன்" என்றாள் வெரோனிகா மெல்லிய குரலில். அவள் குரல் அவ்வளவு மெல்லியதாக இறங்கி லயத்தில் யாரும் கேட்டதில்லை. சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஃபாதரும் மழையால் நாளைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்குள் கோழிக் குழம்பு கொதித்தது, சாப்பிடத்தான் ஆளில்லை. ரிங்லெட் வீடும், பேங்க்காரன் கேள்வியும் எல்லோர் மனசிலும் வந்து உட்கார்ந்துகொண்டன. கடைசியில் எட்ரியன் எழுந்து உப்புப் பாக்கெட்டை எடுத்தான்.

"கடல் தண்ணின்னா என்னா, உப்புத் தண்ணிதானே? காலிப் பாட்டில் இருக்கு, பீலியத் தொறந்தா தண்ணி வருது. யாருக்குத் தெரியப் போவுது?"

சிரில் மகளைப் பார்த்தார். மகள் தலையைத் தூக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, கெட்டிலில் தண்ணீர் பிடித்து உப்பைக் கொட்டிக் கரண்டியால் கலக்கினார். குடித்துப் பார்த்தார்.

"பத்தாது. லுமுட்ல குளிச்சப்ப இதவிடக் கரிச்சிச்சு."

"அது எந்தக் காலத்துல? நாம கல்யாணம் முடிச்ச வருஷம்" என்றாள் பிலோமி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். "இன்னைக்கு குடிச்சது கடைசியில லேசா கசந்துச்சு. இதுல கசப்பு இல்ல."

"கொஞ்சம் வெந்தயம் போடலாமா?" என்று கேட்டான் எட்ரியன்.

"மீன் கொழம்பாடா வைக்கிறோம்?"

ஃபியோனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததுதான் கஷ்டமாகிவிட்டது. இத்தனை பேரும் தனக்காகக் கடலைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்களே என்று காலிப் பாட்டிலை எடுத்துப் பிடித்தாள். எட்ரியன் கெட்டிலைச் சாய்த்தான். முதல் சொட்டு விழுவதற்குள் அவள் கை பின்வாங்கியது.

"வேணாம்ணே."

"யாருக்கும் தெரியாது லா."

"தெரியாதுதான். லேப்ல பாப்பாங்க, ஒரு பூச்சியும் இருக்காது. அங்க ஒண்ணுமில்லன்னு எழுதி வச்சிடுவாங்க. அந்தப் பொய்யத்தான் அப்பறம் வர்றவங்க எல்லாம் படிப்பாங்க." பாட்டிலை மூடினாள். "உங்களையெல்லாம் நிக்க வச்சு ஏன் சொல்லலன்னு திட்டினேன். இப்ப நானே…"

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குணாளன் ஈப்போவில் வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடித்திருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"சார், ஃபியோனா. குமிழி எடத்துத் தண்ணி மூணு பாட்டிலும் போச்சு சார்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "வீட்டு ஐஸ் பெட்டியில வச்சேன். தீர்த்தம் வைக்கிற எடத்துல வச்சுட்டு, அம்மாகிட்ட சொல்ல மறந்துட்டேன். அவங்க மேல தப்பு இல்ல, நான்தான் எடம் மாத்தினேன். எல்லாரும் தீர்த்தம்னு நெனச்சுக் குடிச்சிட்டாங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"குடிச்சிட்டாங்களா?"

"கொஞ்சம் வேனுக்குத் தெளிச்சிட்டாங்க."

"யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லையே? மருந்து கலந்த பாட்டில்?"

"பூட்டிதான் இருக்கு சார். பாத்துட்டேன்."

"சரி. மூணுமே போச்சா ஃபியோனா? ஒண்ணுகூட தொறக்காம இல்லையா? ஒண்ணு இருந்தாலும் ஏதாச்சும் பண்ணலாம்."

"இல்ல சார். மூணும்…"

"ஒண்ணு இருக்கு" என்றது ஒரு குரல்.

மழையில் நனைந்தபடி வெரோனிகா நின்றிருந்தாள். மார்போடு அணைத்த கையில் கறுப்புப் பை, பையைச் சுற்றி ஜெபமாலை. "ஃபாதர்கிட்ட காட்டலாம்னு எடுத்துட்டுப் போனேன். இந்த லயத்துல ஒரு அற்புதம் நடந்துருக்குன்னு சொல்லணும்னு ஆசைப்பட்டேன்." ஜெபமாலையைப் பையிலிருந்து அவிழ்த்தாள். "கடல் தண்ணின்னு நீ சொன்ன அப்பறமும் குடுக்க மனசு வரலம்மா. நீ போன்ல ஒண்ணு விடாம சொல்றது சுவரத் தாண்டி வந்து கேக்குது. நான் மட்டும் எப்படி ஒளிச்சு வைக்கிறது?"

ஃபியோனா பையைப் பிரித்தாள். மூடியைச் சுற்றிய பட்டை கிழியாமல் இருந்தது.

"எங்க ஆண்டி வச்சிருந்தீங்க?"

"வீட்டு ஜெப பீடத்துல. மெழுகுவத்திக்குப் பக்கத்துல."

குணாளன் போனிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். "சூடு பட்டுருச்சா? நாளைக்கு வரைக்கும் தாங்காது. ஐஸ் பெட்டியில வை. நான் வடிகட்டுற பம்பை எடுத்துக்கிட்டு வர்றேன். வேற யாரும் குடிச்சிடாமப் பாத்துக்க."

கேமரனின் குளிர் அன்று ஒரு நன்மை செய்தது. மெழுகுவத்தி எரிந்தும் பாட்டில் பெரிதாகச் சூடேறவில்லை. ஐஸ் பெட்டிக்கு முன்னால் சிரில் நாற்காலியைப் போட்டு, கொழுந்து லோரிக்குக் காவல் இருப்பவர் போல உட்கார்ந்துகொண்டார்.

சிம்பாங் பூலாய்ச் சடக்கில் ஏறி கம்போங் ராஜா வழியாகக் குணாளன் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. நெடிய, ஒடிசலான மனிதர். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும், பெண் பார்க்க வந்தவர் போலக் கூச்சத்தோடு செருப்பைக் கழற்றினார். சமையலறை மேசையை ஃபியோனா துடைத்து, விரிப்பு விரித்து, கையுறை போட்டுத் தயாராக நின்றாள். அவர் கைப்பம்பையும் கண்ணாடிக் குடுவையையும் பொருத்தினார். நடுவில் வடிகட்ட நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைத் தாள்.

தண்ணீரை ஊற்றி ஃபியோனா பம்பை அழுத்தத் தொடங்கினாள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. லயமே வாசலிலும் ஜன்னலிலும் நின்று பார்த்தது. பூசையில் ஃபாதர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றம் நடக்கும்போதுகூட இருமுகிற ஆட்கள் அன்று இருமவில்லை. வெரோனிகாவின் உதடு மட்டும் தன்னையறியாமல் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தது. கடைசிச் சொட்டு இறங்கியதும் தாளை எடுத்துக் குணாளன் வெளிச்சத்தில் பிடித்தார். லேசாகச் சாம்பல் பூத்திருந்தது.

"இதுல இருக்கா சார்?" என்று கேட்டாள் பிலோமி.

"இருக்கும்மா. என்னென்ன இருக்குன்னு லேப்லதான் தெரியும். சும்மா இருந்தா இப்படிச் சாம்பல் படியாது."

ஒரு பெருமூச்சு லயம் முழுக்க ஓடியது. தாளைச் சின்னக் குப்பியில் போட்டு மூடியாயிற்று. சிரிலால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"சார், பாப்பா வேலை…"

ஃபியோனா அப்பாவை முறைத்தாள். குணாளன் கையுறையை மெதுவாகக் கழற்றினார். "மூணுக்கு ஒண்ணுதான் வந்துருக்கு. எப்படிப் போச்சுன்னு நான் அப்படியே எழுதியாகணும். மேல உள்ளவங்க கேக்கத்தான் செய்வாங்க."

பேச்சில்லாத இடத்தில் டீ போடுவது பிலோமியின் பழக்கம். அடுப்படிக்குப் போய்க் கெட்டிலின் சுவிட்சைத் தட்டிவிட்டாள். எஸ்டேட் தூள், டின் பால் தாராளமாக. எல்லோருக்கும் ஊற்றி, முதல் கப்பை விருந்தாளி கையில் கொடுத்து, பக்கத்தில் இரண்டு ஸ்கோனும் வைத்தாள்.

குணாளன் ஒரு வாய் குடித்தார். ஒரு நொடி அசையாமல் இருந்தார். முழுங்கினார்.

"நல்லா இருக்கா சார்?"

"ம். நல்லா இருக்கும்மா." இன்னொரு வாய் குடித்தார். கண்ணோரத்தில் லேசாகத் தண்ணீர் கட்டியது. "ரொம்ப நல்லா இருக்கு."

சிரில் குடித்தார். குடித்துவிட்டு, பாழாய்ப்போன மாத்திரை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கூரையைப் பார்த்தார். எட்ரியன் குடித்தான், வேன் இருக்கும் திசையைப் பார்த்தான். வெரோனிகா குடித்தாள், கை நெற்றிக்குப் போனது.

ஃபியோனா ஒரு வாய் குடித்தாள். கப்பைக் கீழே வைத்தாள். கெட்டிலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு மேலதிகாரியைப் பார்த்தாள்.

"சார், டீ எப்படி இருக்கு? உண்மையச் சொல்லுங்க."

குணாளன் கப்பைப் பார்த்தார், பிலோமியைப் பார்த்தார். வெள்ளைத் தாள் இருந்த குப்பியையும் ஒருமுறை பார்த்தார்.

"உப்பு" என்றார். "உப்பு தாங்கல."

முதலில் சிரித்தது வெரோனிகாதான். அவள் சிரித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். பிறகு லயமே சிரித்தது. பிலோமி தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ யேசுவே, அந்தக் கெட்டில்! அந்தக் கெட்டில்!" என்று புருஷனைத் துரத்தினாள். என்ன கெட்டில் என்று குணாளன் கேட்க, சிரில் கடல் காய்ச்சிய கதையை வெந்தயம் வரைக்கும் ஒப்பித்துவிட்டார். மறைக்க இனி என்ன இருக்கிறது? கேட்டுச் சிரித்துச் சிரித்து அந்த ஒடிசலான மனிதர் நாற்காலியில் மடங்கிப்போனார்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஃபியோனா, இந்தப் பாட்டில்ல உப்புத் தண்ணி வந்திருந்தா நான் கண்டுபுடிச்சிருக்க மாட்டேன். ரெண்டு வாய் குடிச்சும் வாயத் தொறக்காத ஆளு நானு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "செப்டம்பர்ல திரும்ப அதே எடத்துக்குப் போறோம். போன ரெண்டு பாட்டிலையும் நீதான் எடுத்துத் தரணும். தற்காலிக ஆளை ரெண்டாவது தடவ கப்பல் ஏத்த முடியாது, சட்டம் அப்படி. அதனால நாளைக்கே உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுறேன். மேல கேட்டா பதில் சொல்றது என் பாடு."

சிரில் மகள் தலையில் கையை வைத்தார். கம்போங் ராஜா சடக்கைப் பற்றித் தான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு என்று அவருக்குத் தோன்றியது. மாமனார் விஷயத்தைத் தவிர.

அடுப்படியில் கெட்டிலை விளக்குகிற சத்தம் பலமாகக் கேட்டது. பிறகு பீலி திறந்தது, மூடியது. ஒரு சின்ன அமைதி. அதற்குப் பின் பிலோமியின் குரல் மேல் லயம்வரைக்கும் கேட்கும்படி வந்தது:

"இது நல்ல தண்ணிதான்! நான் குடிச்சுப் பாத்துட்டேன்!"